வலது முன்சக்கரத்து மஞ்சள் கோடு

இங்கே டீ நன்றாகத்தான் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் டீ கழுநீர் மாதிரி இருக்கும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதை நம்பி வீட்டிலேயே குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன். பிஸ்கட் வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கள் சார்ஜன்ட். காலையிலிருந்து நீங்கள் எதுவும் சாப்பிடவில்லை என்று உங்கள் முகமே சொல்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த வக்கீல் தம்பி, ஒன்றும் பேசாமல் இருப்பதுதான் எனக்கு நல்லது என்கிறார். நல்ல பிள்ளை. ஆனால் பேசாமல் இருந்து இருந்துதான் எனக்கு அலுத்துப்போய்விட்டது. பேச்சைப் பதிவு செய்யும் அந்த மெஷினை ஓடவிடுங்கள். நீங்கள் யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாக வந்தேன் என்பதையும் அதில் சொல்லிவிடுங்கள்.

என் கணவர் மால்கமும் அவருடைய சிநேகிதர் லென்னும் போன மே மாதம் மலைச்சரிவில், சர்ச் வளைவில், கார் சுவரில் மோதி இறந்துபோனார்கள். கார் மால்கம் தன் கையால் கட்டியது. வலது முன்சக்கரத்தின் அடிப்பக்க ஜாயின்ட் கழன்று சக்கரம் உள்ளே மடிந்துவிட்டது. காரைச் சோதித்த நிபுணர், கட்டியவர் ஒரு நட்டை முறுக்காமலே விட்டுவிட்டார், அவருடைய கவனக்குறைவு என்று முடிவு சொன்னார். அந்த முடிவு தப்பு. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

கிட் கார் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, சின்ன வயது. கம்பெனி முழுக் காரை விற்காது. வெறும் சட்டத்தையும் பெட்டி பெட்டியாகச் சாமான்களையும் அனுப்பிவைக்கும். மீதியை ஏதாவது பழைய காரிலிருந்து உருவி, வீட்டுக் கார் ஷெட்டில் வைத்து நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். கூரை கிடையாது, கதவு கிடையாது. மழை பெய்யாத நாளே இல்லாத இந்த ஊரில் கூரை இல்லாத காருக்கு என்ன அவசரம் என்று கேட்டால் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஓய்வு பெற்ற ஆண்களில் பாதிப் பேர் இதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், மீதிப் பேர் மீன் பிடிக்கப் போகிறார்கள். மீன் பிடிக்கிறவர்களின் பெண்டாட்டிகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவர்கள் வீட்டுக்கு மீனாவது வருகிறது.

பெட்டிகள் வந்து இறங்கிய அன்று மால்கம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னார்.

"க்ளெண்டா, கார் முடிஞ்சதும் முதல் சவாரி உனக்குத்தான். நேரா பார்மத் கடற்கரை. கல்யாணம் ஆனப்ப தங்கினோமே, அதே ஊரு. நீ தலைக்கு ஒரு ஸ்கார்ஃப் மட்டும் வாங்கி வெச்சுக்கோ."

வாங்கி வைத்தேன். நீல நிறம். அதன் மடிப்பு நிறம் மங்கிப்போகும் அளவுக்கு அலமாரியில் கிடந்தது. கார் முடியும் சமயமெல்லாம் அவருக்கு வேறொன்று தோன்றிவிடும். எஞ்சினை மாற்றுவார், கியர் பெட்டியை மாற்றுவார், இருக்கையைப் பிய்த்துவிட்டு வேறு இருக்கை வைப்பார். "அடுத்த கோடையிலே, கண்ணு" என்பார். கோபமாகச் சொன்னால் சண்டையாவது போடலாம். அவர் எப்போதும் கொஞ்சலாகத்தான் சொல்வார்.

அந்த ஷெட்டில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று, பாரமாக உட்காருவது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம்களில் ரப்பர் புஷ் என்று ஒரு வளையம் இருக்கும். கார் ஜாக்கியில் தொங்கும்போது அந்த போல்ட்டுகளை முறுக்கிவிட்டால், காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழிந்துபோகும். அதனால் சக்கரத்தைத் தரையில் இறக்கி, ஓட்டுகிறவர் எடைக்கு இருக்கையில் பாரம் ஏற்றிய பிறகுதான் முறுக்க வேண்டும். மற்றவர்கள் மணல் மூட்டை வைப்பார்கள். மால்கம் என்னைக் கூப்பிடுவார். என் எடை போதாது என்று மடியில் ஓர் உருளைக்கிழங்கு மூட்டையையும் தூக்கி வைப்பார். "ரெண்டு மூட்டையும் அசையாம இருங்க" என்று காருக்கு அடியிலிருந்து சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். அதே வேடிக்கையைக் கார் கட்டுகிறவர்களின் கிளப்பிலும் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். முதல் தடவை நானும் சிரித்தேன்.

இரண்டாவது வேலை கோடு போடுவது.

நட்டை அளவாக முறுக்கி, ஸ்பேனர் டக்கென்று சத்தம் கொடுத்ததும், நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரே இழுப்பில் ஒரு கோடு. பின்னால் எப்போதாவது நட்டு நழுவினால் கோடு உடைந்து தெரியும். குனிந்து பார்த்தாலே போதும், ஸ்பேனர் வைக்க வேண்டியதில்லை. எங்கள் கிளப்பில் இதற்கு ஒரு கட்டளை உண்டு: முறுக்கின ஆள் கோடு போடக்கூடாது. இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போட வேண்டும். இரண்டு கண்ணுக்கு நான்கு கண். கோடு விழுந்த நட்டை அப்புறம் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், தொடவும் மாட்டார்கள். தொட்டால் கோடு போட்டவரை அவமானப்படுத்தியது போல.

எங்கள் வீட்டில் அந்த இன்னொருவர் நான்தான். "கோடு!" என்று ஷெட்டிலிருந்து குரல் வரும். கையில் மாவு இருந்தாலும் துடைத்துக்கொண்டு போக வேண்டும். கோடு நட்டின் முனையில் விழக்கூடாது, இரண்டு முனைக்கு இடையில் தட்டையாக இருக்கும் பட்டையின் நடுவில் விழ வேண்டும் என்பதில் மால்கம் படு கண்டிப்பு. குனிந்ததும் கண்ணில் படும் பக்கத்தில் முனை வந்து நின்றுவிட்டால், டக் சத்தத்துக்கு மேலே வலது பக்கமாக இன்னும் ஒரு மயிரிழை முறுக்கிப் பட்டையைக் கொண்டுவந்து கொடுப்பார். என் கோடு கோணினால் துணியால் துடைத்துவிட்டு மறுபடி போடச் சொல்வார். எனக்குக் கை பழகிவிட்டது. "க்ளெண்டா கோடு போட்டா ஸ்கேல் வெச்ச மாதிரி" என்று லென் கூடச் சொல்லியிருக்கிறார். அந்த ஷெட்டில் என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

போன இலையுதிர் காலத்தில் கார் முடிந்தே விட்டது. அரசாங்கச் சோதனையில் தேறியது, நம்பர் பிளேட் வந்தது. எங்கள் கல்யாண நாள் அன்று வெயிலும் அடித்தது. மால்கம் கேட்பதற்கு முன்னாலேயே நான் முட்டை சாண்ட்விச் செய்து டப்பாவில் அடைத்து, நீல ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அவரும் சிரித்துக்கொண்டே "ஏறு, ராணியம்மா" என்றார். பக்கத்து இருக்கையில் நான் முதல் முறையாக உட்கார்ந்தேன், மடியில் உருளைக்கிழங்கு இல்லாமல்.

சந்து முடிந்து பெரிய ரோடு ஏறினோம். காற்று முகத்தில் அறைந்தது. எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மால்கம் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"தெரியுதா?"

"என்ன?"

"முன்பக்கம் அலையுது. பாரு, இப்ப... இப்ப. தெரியலையா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. போ மால்கம், போய்க்கிட்டே இரு. கடலுக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம்."

"இந்த நடுக்கத்தோட அவ்வளவு தூரம் போறதா? உன்னை உக்கார வெச்சுக்கிட்டா? விளையாடாதே."

பால் பண்ணை வாசலில் வண்டியைத் திருப்பினார். வீட்டுக்கு வந்ததும் என்னை இறங்கச் சொல்லக்கூட மறந்து, காருக்கு அடியில் படுத்துவிட்டார். நான் ஸ்கார்ஃபோடு அந்த இருக்கையிலேயே உட்கார்ந்து சாண்ட்விச்சைச் சாப்பிட்டேன். கீழேயிருந்து குரல் வந்தது.

"க்ளெண்டா, அசையாதே. நீ அப்படியே இருக்கறதும் நல்லதுதான். பாரம் இருக்கட்டும்."

அன்று அழுதேனா என்று கேட்காதீர்கள். அழவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். அந்தக் களைப்பு அப்புறம் போகவே இல்லை. காலையில் எழுந்தால் எனக்கு முன்னாலேயே அது எழுந்து உட்கார்ந்திருக்கும்.

முன் சஸ்பென்ஷனை முழுக்க மாற்றிவிடுவதென்று முடிவு செய்தார். பழைய காரிலிருந்து உருவிய ஆர்ம்கள் போதாதாம். அகலமான புது ஆர்ம், புது ஜாயின்ட், புது ஸ்பிரிங். கார் மறுபடி ஸ்டாண்டில் ஏறியது. குளிர்காலம் முழுக்கப் பெட்டிகள் வந்தன. லென் வாரம் தவறாமல் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று யோசனை சொல்வார். அவர் ஒரு வேலையும் செய்ய மாட்டார், சட்டை அழுக்காகிவிடும். அவர்கள் பேச்சிலிருந்துதான் தெரிந்துகொண்டேன், மே மாதம் கிளப்பில் மலைச் சவாரி ஒன்று இருக்கிறதென்று. புது சஸ்பென்ஷனோடு அதில் கலந்துகொள்ளப் போகிறார்களாம். பக்கத்து இருக்கையை லென் உயரத்துக்குத் தள்ளிப் பூட்டியாகிவிட்டது.

"அப்ப பார்மத்?" என்று கேட்டேன்.

"அடுத்த கோடையிலே, கண்ணு" என்றார்.

இப்போது சவாரிக்கு முந்தின அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நான் எதையும் கழற்றவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழற்றினேன் என்று நாளைக்குப் பேப்பரில் போட்டால் வருத்தப்படுவேன்.

இடது பக்கம் முந்தின நாளே முடிந்துவிட்டது. முறுக்கி, கோடும் போட்டாயிற்று. சனிக்கிழமை மத்தியானம் வலது பக்கம். ஒவ்வொரு சாமானையும் முதலில் பழைய நட்டு போட்டுக் கையால் முறுக்கிப் பொருத்திப் பார்ப்பது மால்கமின் பழக்கம். உள்ளே நைலான் வளையம் வைத்த புது நட்டு ஒரே ஒரு தடவைதான் கெட்டியாகப் பிடிக்கும். அதனால் எல்லாம் சரியாக உட்கார்ந்த பிறகு, பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டு முறுக்குவார். நான் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்பக்க போல்ட்டுகள் முடிந்தன. இறங்கிப் போய்க் கோடு போட்டேன். மேல் ஜாயின்ட் முடிந்தது. கோடு போட்டேன். பாக்கி ஒன்றே ஒன்று, அடி ஜாயின்ட். அதில் பழைய நட்டு கையால் முறுக்கினபடி நின்றது. புது நட்டு தட்டில் தயாராக இருந்தது.

அப்போது வீட்டுக்குள் போன் அடித்தது. லென். மறுநாள் சவாரிக்கு எந்த வழியாகப் போவது என்று பேச. மால்கம் கையைத் துடைத்துக்கொண்டே ஓடினார். என்னைக் கூப்பிட்டால் ஒரு நாளும் அப்படி ஓடி வந்ததில்லை. ஜன்னல் வழியாக அவர் சிரிப்பது கேட்டது. மூட்டைக் கதையைத்தான் மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் அசையாம உக்காந்திருந்துது லென், எது க்ளெண்டா எது கிழங்குன்னே தெரியலை."

பேனா என் கையில் இருந்தது. மூடி திறந்திருந்தது. பாக்கி இருந்ததோ ஒரே ஒரு கோடு. போட்டேன்.

அவ்வளவுதான் செய்தேன். ஒரு கோடு.

சரி, இன்னொன்றும் உண்டு. தட்டில் அந்தப் புது நட்டு கிடந்தால் வந்ததும் கண்ணில் பட்டுவிடுமே. அதை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். இதோ. தொட்டுப் பாருங்கள், பரவாயில்லை. ஏப்ரனோடு சேர்த்துத் துவைத்தும் விட்டேன், அதனால்தான் இவ்வளவு பளபளப்பு.

அவர் திரும்பி வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. குனிந்து பார்த்தார்.

"எல்லாம் ஆச்சா?"

"கோடு இருக்கே" என்றேன்.

"ஆமாமா, இருக்கு" என்றார். கட்டை விரலால் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு தட்டினார், குதிரையைத் தட்டிக்கொடுப்பது போல. "ஸ்கேல் வெச்ச மாதிரி" என்று சொல்லிவிட்டு ஸ்பேனர்களை எடுத்துவைக்க ஆரம்பித்தார். நான் ராத்திரிக்குக் கறி வேக வைக்கப் போனேன். நன்றாகச் சாப்பிட்டார்.

சார்ஜன்ட், நீங்கள் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது. அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என்ன நினைத்தேன் என்று சொல்கிறேன். மால்கமுக்குக் காரில் ஒரு ஈ உட்கார்ந்தாலும் தெரிந்துவிடும். யாருக்கும் தெரியாத நடுக்கம் அவருக்குத் தெரியும். அன்று என்னை வைத்துக்கொண்டு பால் பண்ணையோடு திரும்பினார் அல்லவா? லென்னை வைத்துக்கொண்டும் அதே மாதிரி திரும்புவார், லென்னும் மடியில் டப்பாவோடு ஷெட்டில் உட்காரட்டும், எப்படி இருக்கிறதென்று அவரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அது நியாயம்தானே? இரண்டு பேரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று எதிர்பார்த்தது தப்பா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்று நடந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மால்கம் வாயில் டோஸ்டை வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நல்ல வெயில் அடிக்குதே. லென்னை விட்டுட்டு நீ வரியா? சவாரி கிடக்குது, பார்மத்துக்கே போயிடலாம்."

எத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி, டோஸ்ட் துணுக்கோடு வந்து விழுகிறது. நான் அவரையே பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, மெய்யாகத்தான் கேட்டார். அந்தக் கணத்தில் "இரு, அடி ஜாயின்ட்டை ஒரு தடவை பாரு" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார், அப்புறம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மறுபடி ஸ்டாண்டு, மறுபடி ஜாக்கி, மறுபடி மூட்டை. அதை நினைத்ததுமே உடம்பெல்லாம் அசந்து வந்தது.

"துணி துவைச்சுப் போட்டிருக்கேன். காயப்போடணும்" என்றேன். "லென்னையே கூட்டிட்டுப் போ. அவர் பாவம், ஆசையா இருப்பாரு."

"நீ எப்பவும் இப்படித்தான்" என்றார். முகம் ஒரு மாதிரி வாடியது. பிறகு லென்னுக்குப் போன் செய்தார், உடனே பழைய உற்சாகம் வந்துவிட்டது.

லென் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். அவர் மனைவி பெரில் செய்து கொடுத்த சாஸேஜ் ரோல் பொட்டலம் கையில். "க்ளெண்டா, உன் இடத்தைப் பிடிச்சுக்கிட்டேனா? கோவிச்சுக்காதேம்மா, அடுத்த தடவை கிழங்கு மூட்டைக்கும் சேத்து டிக்கெட் போடுறேன்" என்றார்.

"பரவாயில்லை லென். பெல்ட்டை இறுக்கமாப் போட்டுக்கோங்க" என்று சொல்லி, டீ ஃபிளாஸ்கை அவர் மடியில் வைத்தேன்.

போனார்கள். துணிக்கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். எங்கள் வீடு மேட்டில் இருப்பதால் எஞ்சின் சத்தம் நெடுந்தூரத்துக்குக் கேட்கும். பால் பண்ணையைத் தாண்டும் சத்தம் கேட்டது. திரும்புவார் என்று கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பவில்லை. மலை ரோடு ஏறியது. உச்சியில் சுற்றிக்கொண்டு சரிவில் இறங்கியது. இடதுபக்க வளைவு, வலது சக்கரத்தில்தான் முழுப் பாரமும் விழும். கியர் குறைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. நான் படுக்கை விரிப்பை இழுத்துச் சுருக்கம் நீக்கிக் காயப்போட்டேன். கூடையில் பாக்கியிருந்ததையும் போட்டு முடித்தேன். அவருடைய சட்டைகள்தான் அதிகம்.

சர்ச் பக்கம் குதிரையோடு நின்ற பெண்மணி உங்களிடம் சாட்சி சொன்னாளாம், இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள் என்று. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நட்டு கழன்றுகொண்டே வந்தால் ஸ்டியரிங் நடுங்கியிருக்கும். மால்கமுக்குத் தெரியாமல் இருக்காது. எனக்காகத் திரும்பிய மனுஷன் லென்னுக்காகத் திரும்பவில்லை. நடுக்கத்தோடேயே போயிருக்கிறார், சிரித்துக்கொண்டு. அவரைக் கொன்றது யார் என்று கேட்டால், அந்தச் சிரிப்பு என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். கேக் கொண்டுவந்தார்கள், புல் வெட்டிக் கொடுத்தார்கள். பிறகு நிபுணர் சொன்னது ஊருக்குத் தெரிந்தது. போல்ட்டின் மரையில் நட்டு இறுகப் பிடித்த தடமே இல்லை, ஆர்மில் மட்டும் பாதி மஞ்சள் கோடு இருக்கிறது. மால்கம் முறுக்காமலே கோடு போட்டிருக்கிறார். எங்கள் கிளப்பில் இதைவிடக் கேவலமான பேச்சு கிடையாது. திருடன் என்றாலும் மன்னிப்பார்கள். கிளப்காரர்கள் கூடும் 'ஏர்க்கலப்பை' பப்பில் மாட்டியிருந்த மால்கமின் படத்தைக் கழற்றிவிட்டார்கள். மாட்டியிருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது.

பெரில் ஒரு நாள் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"உன் புருஷன் என் லென்னைக் கொன்னுட்டான், க்ளெண்டா. முறுக்காம கோடு போட்டவன். என் வீட்டு ஆளு அவனை நம்பி ஏறி உக்காந்தாரு. நீ நல்லவ, உன் மேலே எனக்கு ஒரு கோவமும் இல்லை. ஆனா அவன் கல்லறைப் பக்கம் நான் வரவே மாட்டேன்."

"உள்ளே வா, டீ போடறேன்" என்றேன்.

"உன்னைப் பாத்தா அழுகைதான் வருது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உங்களுக்கு ஒரு விஷயம் விளங்குகிறதா? முறுக்கின ஆள் கோடு போடக்கூடாது என்பது அவர்கள் கட்டளை. அத்தனை ஆண்கள் அந்தப் பப்பில் உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பற்றி அலசினார்கள். நிபுணர் அதைப் படம் எடுத்தார். நீங்களும் பார்த்தீர்கள். கோடு போட்டது யார் என்று ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. ஷெட்டில் இன்னொரு ஆள் இருந்தது யாருக்கும் நினைவு வரவில்லை. என் கோட்டை மால்கமின் கோடு என்றே சொல்கிறார்கள். அவர் கை நடுங்கும், அவர் போட்டால் கோணிக்கொண்டு போகும். அந்தப் படத்தை நன்றாகப் பாருங்கள், எவ்வளவு நேராக இருக்கிறதென்று.

அதனால்தான் வந்தேன். மால்கம் முறுக்காமல் கோடு போட்டவர் இல்லை. அவர் வேலையில் ஒரு குறையும் கிடையாது. படத்தை மறுபடி சுவரில் மாட்டச் சொல்லுங்கள். பெரிலிடமும் யாராவது சொல்ல வேண்டும், எனக்கு அந்தப் படியேறும் தெம்பு இல்லை.

உங்கள் கேள்வி நியாயமானதுதான். கையால் முறுக்கின நட்டு, அதுவும் மலை ஏறி இறங்குவதற்குள், எப்படி அவ்வளவு சீக்கிரம் கழன்றது என்று கேட்கிறீர்கள். நிபுணருக்கும் அது புரியவில்லை என்கிறீர்கள். இல்லை வக்கீல் தம்பி, சொல்கிறேன், என் கையைப் பிடிக்காதீர்கள். இதைச் சொன்னால்தான் வீட்டுக்குப் போய், வீட்டுக்கு விடமாட்டீர்கள் என்றால் எங்கேயாவது போய், நன்றாகத் தூங்குவேன்.

நான் பேனாவை எடுத்துக்கொண்டு குனிந்தபோது நட்டின் முனை என்னைப் பார்த்து நின்றது. முனையில் கோடு போட்டால் மால்கமுக்குப் பிடிக்காது, துடைத்துவிட்டு மறுபடி போடச் சொல்வார். பட்டை நேராக வர வேண்டுமானால் நட்டைக் கொஞ்சம் திருப்பித்தான் ஆக வேண்டும். வலது பக்கம் திருப்பியிருந்தாலும் பட்டை வந்திருக்கும். நான் இடது பக்கம் திருப்பினேன். பட்டை வந்த பிறகும் திருப்பிக்கொண்டே இருந்தேன்.